இரண்டு துண்டு மரவள்ளி

பக்கிரிசாமி சார் கோபக்காரர் அல்லர், சலித்துக்கொள்பவர். கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பதினான்கு வருடங்களாக ஐந்தாம் ஆண்டுக்கு வரலாறு எடுக்கிறார். ‘ஜப்பானியர் ஆட்சியில் மக்கள் உணவின்றி அவதியுற்றனர்’ என்று பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதி முழுப் புள்ளி வாங்கும்போதெல்லாம் சிவப்புப் பேனாவை மேசையில் போட்டுவிடுவார்.

“அவதின்னா என்னான்னு ஒருத்தனுக்கும் தெரியல.”

அந்தக் காலத்தில் அரிசிக்குப் பதில் கிடைத்த பங்கீட்டுச் சாப்பாட்டைப் பிள்ளைகளே சமைத்துத் தின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வருடம் நச்சரித்த பிறகு தலைமையாசிரியர் வேலாயுதம் ஒரு மணி நேரம் கொடுத்தார்.

“ஒருதடவ செஞ்சு பாருங்க. நல்லா வந்தா வருஷாவருஷம் வெச்சிக்கலாம்.”

வியாழக்கிழமை காலை ஜெஞ்சாரோமிலிருந்து சாரின் மோட்டார் சைக்கிளிலேயே ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிள்ளைகள் கழுவி, தோல் சீவி, ஆளுக்கு இரண்டு துண்டு என்று நறுக்கினார்கள். அடுப்பு, கேண்டீன் நடத்தும் ஷாமினி அக்காவுடையது.

“அவிச்சா போதும்க்கா. எண்ணெய், உப்பு ஒண்ணும் வேணாம்.”

“உப்புகூடவா? புள்ளைங்க என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கு?”

“அந்தக் காலத்துல கெடைக்கலக்கா.”

“இந்தக் காலத்துல கெடைக்குதே சார்!”

சார் தட்டுகளை அடுக்க வகுப்புக்குப் போனார். அவர் போனதும் அடுப்பில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. நான் பயிற்சி ஆசிரியராக வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அக்கா கேட்ட தேங்காயைத் துருவிக் கொடுத்தேன்.

காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பூவுமாக, மஞ்சள் மினுக்கத்தோடு வந்து இறங்கியது கிழங்கு. சார் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லாமல் நின்றார். அதற்குள் முப்பது தட்டும் காலி. ரிஷி இன்னும் கொஞ்சம் கேட்டுத் தன் தட்டை நீட்டினான்.

“சார், தம்பா இருக்கா?”

“பங்கீடுடா. ரெண்டு துண்டுதான்.”

“ஆன்டி சட்டியில நெறைய இருக்கு சார். ஜப்பான்காரன் காலத்துல டெய்லி இதானா? பெஸ்ட் லா!”

சார் கேண்டீனுக்கு விரைந்தார். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“வெறுங்கிழங்க எப்படி சார் புள்ளைங்க தட்டுல போடுறது? எனக்குக் கை வரல.”

சார் திரும்பி வந்தால், வகுப்பில் தலைமையாசிரியரும் தட்டும் கையுமாக இருந்தார்.

“அருமை சார்! அடுத்த வருஷமும் வெச்சிக்குவோம். பெற்றோரையும் கூப்பிடுவோம். மிளகாய்ச் சம்பல் மட்டும் கொஞ்சம் சேத்துக்குங்க.”

மூன்று வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. சார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அடுத்த வருஷம் நானே சமைக்கிறேன் சார்.”

“உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?”

“தெரியாது சார். அதுக்குத்தான்.”