சோதனைக்குக் கொடுத்த நம்பர்

"சினிமா இல்லைங்க. சினிமான்னா நானே யோசிச்சிருப்பேன். இது வேற."

நாற்காலியில் இருந்தவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, மூக்குக்குக் கீழே முழுக்க சோப்பு நுரை. சலூன்காரர் கத்தியில் புது பிளேடை மாட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

"டிஜிட்டல் வீடியோ தயாரிப்பும் மார்க்கெட்டிங்கும். யூனிவர்சிட்டி படிப்பு. தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்ங்க."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். மகள் படிக்கும் படிப்பின் பெயர் வாயில் நுழைய ஒரு மாதம் பிடித்தது. அவள் அதை ஓர் அட்டையில் எழுதி, கடைக் கண்ணாடியின் மூலையில் செருகி வைத்தாள். இப்போது அட்டையைப் பார்க்காமலே ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவன் அரைமணி நேரம் வேறு எதைத்தான் பார்ப்பான்?

கடைக்கு மேலேதான் வீடு. நுரைக்காரர் முகம் துடைத்துக்கொண்டு போனதும் அவர் மாடியேறிப் பார்ப்பார். மகள் மேசை முன்னால் இருப்பாள். இடது தொடையில் ஐந்து மாதப் பேத்தி, வலது கையில் மவுஸ். முடியைச் சுருட்டி உச்சியில் ஒரு பென்சிலைக் குத்தியிருப்பாள். "சலூன்காரர் மகள் தலையைப் பாரு, காக்கா கூடு தோத்துடும்" என்பாள் அவள் அம்மா. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். மடிக்காத எதைக் கண்டாலும் அவளுக்குக் கை பரபரக்கும்.

குழந்தை அழுதால் மகள் முதலில் திரையைப் பார்ப்பாள், பிறகுதான் குழந்தையை. அவள் முன்னால் மைக் திறந்திருந்தால் அழுகை கோடுகோடாகத் திரையில் ஓடும். "பசி அழுகை ஒரே மலையா வரும்ப்பா. தூக்க அழுகை பல்லு பல்லா வரும். இது பல்லு. தொட்டில்ல போடுங்க." அவர் போடுவார். குழந்தை தூங்கிவிடும். இதையும் அவர் கீழே வந்து, ஷேவிங்குக்கு உட்கார்ந்த தபால்காரரிடம் சொல்வார்.

இன்னொரு வழக்கம் உண்டு அவளுக்கு. எந்த இடத்தில் படம் எடுத்தாலும், எடுத்து முடித்ததும் உள்ளங்கையை உயர்த்துவாள். அந்தக் கை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. முப்பது விநாடி. அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வாளாம். பேச்சுக்கு நடுவே வெட்டி ஒட்டும் இடத்தில் பூசுவதற்கு. "சும்மா இருக்கறதுக்கு ஒரு ரெக்கார்டிங்கா" என்று அவர் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கே அது பழகிவிட்டது. மகள் கை உயர்ந்தால் கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்கும். நாற்காலியில் இருப்பவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

பிள்ளைப்பேற்றோடு அவளுக்குப் படிப்பில் ஒரு வருடம் போய்விட்டது. இந்த முறையும் முடிக்காவிட்டால் முதலிலிருந்து சேர வேண்டும் என்று துறையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. உண்மையான ஒரு சின்னத் தொழிலுக்கு ஒரு நிமிட விளம்பரம் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்து இரண்டு வாரத்துக்குள் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தானே ஒரு எண் சொல்ல வேண்டும். அத்தனை பேரை வரவழைத்தும் காட்ட வேண்டும். மகள் இருபது என்று எழுதிக் கொடுத்தாள்.

"பத்துன்னு போட்டிருக்கலாமே" என்றார் மருமகன். பார்சல் கிடங்கில் வேலை பார்ப்பவர். தூக்க முடிகிற எடையைத்தான் தூக்குவார்.

"பத்துக்கு நான் எதுக்குங்க? ஒரு நோட்டீஸ் போதுமே."

அவள் பிடித்த தொழில், அடுத்த தெருவில் ஒரு பெண்மணி நடத்தும் கார் ஓட்டும் பள்ளி. பெண்களுக்கு மட்டும். தெருவே அவரை கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடும். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு முறை அவர் சொல்லும் வார்த்தை அது.

விளம்பரத்தில் ஒரு காட்சியில் சலூன்காரரின் பங்கு இருந்தது. காமிரா ஒரு பெண்ணின் காலிலிருந்து முகம்வரை நடுங்காமல் மெல்ல உயர வேண்டும். அதற்கான கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று மகள் கடை நாற்காலியைப் பார்த்தாள். மிதித்தால் பூப்போல மேலேறும் நாற்காலி. அப்பாவும் மகளுமாக அதை வாசல்வரை இழுத்தார்கள். கிளட்ச் அக்காவின் கார் கதவைத் திறந்தபடி எதிரே நின்றது. ஓட்டும் இருக்கையில் அவள் அம்மா. நாற்காலியில் காமிராவும் மகளும். மிதி அவர் காலில்.

"அவசரப்படாதீங்கப்பா. கஸ்டமர் தூங்கறார்னு நெனச்சுக்கங்க."

பதினேழு முறை மிதித்தார். பதினெட்டாவதுதான் அவளுக்குப் பிடித்தது. செருப்புப் போட்ட ஒரு கால், மிதியைத் தேடித் தடுமாறும். காமிரா உயர்ந்து முகத்துக்கு வரும்போது அந்த முகம் சிரிக்கும். திரையில் எழுத்து வரும்: 'கால் நடுங்கட்டும். கார் நகரும்.' கீழே ஒரு பட்டன்; அழுத்தினால் போன் போகும். மகளின் உடம்பு அந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை அவள் கீழே வந்தாள். "அப்பா, பட்டன் வேலை செய்யுதான்னு சோதிக்கணும். கிளட்ச் அக்கா வண்டியில இருப்பாங்க, எடுக்க மாட்டாங்க. உங்க நம்பரைப் போடறேன். என் கூடப் படிக்கிறவங்க கூப்பிடுவாங்க. எடுத்து, 'கேக்குது'ன்னு சொல்லிட்டு வெச்சிடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. யூனிவர்சிட்டி வேலையில் தனக்கும் ஒரு பங்கு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தார். "கேக்குதும்மா, தெளிவா கேக்குது." வைத்தார். செவ்வாயும் வந்தது. புதனும் வந்தது. வியாழன் காலையில் நிற்காமல் வந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. பாதி ஷேவில் விட்டுவிட்டுப் போய் எடுத்ததற்குத் தபால்காரர் முணுமுணுத்தார். "படிப்பு விஷயம் சார்" என்று அவர் வாயை அடைத்தார்.

வியாழன் மதியம் சாப்பிட மேலே வந்தபோது கிளட்ச் அக்கா நடு அறையில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு நாளா போனைக் கையிலயே வெச்சிருக்கேன் பாப்பா. குளிக்கப் போனாக்கூட கொண்டுபோறேன். ஒரு ஈ காக்கா கூப்பிடல."

"முப்பத்தி நாலு பேர் பட்டனை அழுத்தியிருக்காங்கக்கா. இதோ, இங்க காட்டுது. எப்படிப் போன் வராம இருக்கும்?"

சலூன்காரர் கை கழுவிக்கொண்டே மகளை உற்சாகப்படுத்த நினைத்தார். "கவலைப்படாதம்மா. உன் கூடப் படிக்கிற பிள்ளைங்க என்னமா நடிக்குதுங்க. இன்னைக்கு ஒரு பொண்ணு கிழவி மாதிரியே பேசுது. 'எனக்கு அம்பத்தெட்டு வயசு, இனிமே கத்துக்க முடியுங்களா'ன்னு கேக்குது. நான் விடுவேனா? 'கேக்குதும்மா, நல்லா கேக்குது'ன்னு சொல்லி வெச்சிட்டேன்."

மகள் உள்ளங்கையை உயர்த்தவில்லை. ஆனாலும் அறையில் யாரும் அசையவில்லை.

பேத்தி ஒருத்திதான் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். மகள் அவளைத் தூக்கி அப்பா கையில் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். சோதனைக்குப் போட்ட நம்பரை மாற்றாமலே செவ்வாயன்று விளம்பரத்தை வெளியிட்டிருக்கிறாள். மூன்று விசை தட்டினாள், நம்பர் மாறியது. பிறகு கையை நீட்டினாள். அவர் தன் போனை அதில் வைத்தார்.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேப்பா."

அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அழைத்தவர்களின் நம்பர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட உட்கார்ந்தாள். அவர் அந்தத் தாளைப் பிடித்து இழுத்தார்.

"வெச்சது நானு. கூப்பிடறதும் நானு."

"உங்களுக்கு என்னப்பா தெரியும் பேச?"

"ஏண்டி, அவருக்குப் பேசத் தெரியாதா?" என்றாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா. "உன் அப்பா கல்லையும் உட்கார வெச்சு அரைமணி நேரம் பேசுவார். எங்க நிறுத்தறதுன்னுதான் தெரியாது."

இரண்டு நாள், ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில், அவர் கூப்பிட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை, மறுபடி கூப்பிட்டார். இரண்டு பேர் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வாங்கிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது அம்மாவைக் கூப்பிட்டபோது மட்டும் கடைக்கு வெளியே போய் நின்று பேசினார்.

"அம்மா, அன்னைக்கு 'கேக்குது'ன்னு சொல்லி வெச்சவன் பேசறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல நீங்க. வயசாச்சு, பேசாம வீட்ல கெடன்னு சொல்றதுக்குப் பதிலா வெச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"முடியும்மா. கண்டிப்பா முடியும். இந்த விளம்பரத்தை எடுத்தது என் மகள். கைக்குழந்தையை மடியில வெச்சிக்கிட்டு எடுத்தா. தூக்கக் கலக்கத்துல ஒரு நம்பரை மாத்த மறந்துட்டா, அவ்வளவுதான். அவ எடுத்த மத்ததெல்லாம் நிஜம். வாங்க."

வந்தார். அவரைச் சேர்த்து, கெடு முடிந்த நாளில் பத்தொன்பது பேர்.

"ஒண்ணுதானே கொறையுது" என்று சலூன்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் போய்ச் சேர்ந்துடறேன்."

"பொம்பளைங்களுக்கு மட்டும்ப்பா."

"உங்கம்மா போவா."

"விளம்பரத்தைப் பாத்து வரணும். நீங்க ரெண்டு பேரும் விளம்பரத்துக்குள்ளயே இருக்கீங்க." சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பத்தொன்பது என்றே எழுதினாள். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, நம்பர் மாறாமல் போன மூன்று நாளையும், அதில் தவறவிட்ட அழைப்புகளையும், தவறு தன்னுடையது என்பதையும் எழுதினாள்.

ஆசிரியர்கள் முன்னால் அவள் விளக்கம் சொன்ன நாளில், பேத்தி பால் குடிக்கும் பிள்ளை என்பதால் அவரும் கூடப் போனார். நீளமான நடை, வரிசையாகக் கதவுகள், சுவரில் மாணவர்கள் ஒட்டிய சுவரொட்டிகள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போன கதவுக்கு அருகில் நின்றார். பேத்தி சிணுங்க ஆரம்பித்தாள். பல்லு. தட்டித் தட்டித் தூங்க வைத்தார். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே ஓர் ஆணின் குரல் கேட்டது.

"கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கலாமே. முதல்லயே எதுக்கு?"

மகள் குரல் வந்தது. வீட்டில் கேட்கும் குரல் இல்லை, அவருக்குப் புதுசு. "விளம்பரம் ஆளைக் கூப்பிட்டுச்சு சார். வந்தவங்களுக்குக் கதவைத் திறக்க நான் மறந்துட்டேன். மார்க்கெட்டிங்ல பாதி அந்தக் கதவுதான்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அதனால அதுதான் முதல் பக்கம்."

வேறொரு குரல், ஒரு பெண்மணி: "திரும்பக் கூப்பிட்டது யாரு? பேரைப் போடாம விட்டிருக்கீங்களே."

"எங்கப்பா. சலூன் வெச்சிருக்காரு. நாற்காலியை மிதிச்சதும் அவர்தான்."

நடையில் யாருமில்லை. இருந்திருந்தால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் தன் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துகொண்டதைப் பார்த்திருப்பார்கள்.

நேற்று மதியம் முடிவு வந்தது. தேர்ச்சி. ஒன்று குறைந்ததற்கு மதிப்பெண் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். அறிக்கைக்குத் தனியாகப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தார்கள். சலூன்காரருக்கு வெட்டியதுதான் முதலில் கண்ணில் பட்டது. "வெட்டறதுன்னா அளவு தெரிஞ்சு வெட்டணும்" என்று சாயந்திரம்வரை முனகினார். ஆனால் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "ஒண்ணு கொறைஞ்சும் பாஸ் பண்ணிட்டா" என்று அதையே பெருமையாகச் சொன்னார்.

இன்று காலை கிளட்ச் அக்கா வந்தார். ஐம்பத்தெட்டு வயது அம்மா நேற்று தெருமுனையில் தனியாக வண்டியைத் திருப்பினாராம். இரண்டாவது விளம்பரம் எடுக்க வேண்டும் என்றார். இந்த முறை படிப்புக்கு இல்லை, முழுச் சம்பளத்துக்கு. மகள் சரியென்று சொல்லி அனுப்பிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி கடைக்குள் வந்தாள். தபால்காரரின் காதுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தாள். மணியோசையை முழுசாக ஏற்றினாள். திரும்பப் பைக்குள் போட்டு ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்தத் தடவை உங்க நம்பரையேதான் போடறேன்ப்பா. தெரிஞ்சே போடறேன். 'கேக்குது'ன்னு மட்டும் சொல்லி வெச்சிடாதீங்க."