விலாங்கும் சம்பந்தியும்

ரொறன்ரோ ஆறுகளில் யார் எந்த மீனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதே என் உத்தியோகம். சொந்தபந்தம் 'மீன் பொலிஸ்' என்று சொல்லிச் சிரிக்கும். தெரிந்த முகங்களிடம் சட்டம் பேசிச் சீரழிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

வாலில் கொளுவியது

இலையுதிர் காலத்தில் சால்மன்கள் முட்டையிட ரூஜ் ஆற்றில் ஏறும். பிக்கரிங் நகரத்து அண்ணை ஒருவர் இரையே இல்லாத தூண்டிலை வீசி, ஒரு மீனை வாலில் கொளுவி இழுத்துக்கொண்டிருந்தார். மீன் தானாக வந்து கடித்தால்தான் செல்லும், இதைத் திரும்ப விட வேண்டும் என்றேன். நெடுநேரம் வாதாடிவிட்டு, மனமில்லாமல் விட்டபடி சொன்னார்:

"தம்பி, வாயிலை கடிச்சதோ வாலிலை கொளுவினதோ எண்டு குழம்பிலை போட்டாப் பிறகு ஆர் கேக்கப் போகினம்?"

பிள்ளைப்பேறு

மார்க்கம் நகரத்து அன்ரி ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஆழமில்லாத இடத்தில் சால்மனை வெறுங்கையால் பிடிக்கப் பார்த்தார். முட்டையிட்டதும் சாகிற மீன்தானே, முன்னமே எடுத்தால் என்ன நட்டம் என்று கேட்டார். இன்னும் சில வருடங்களில் வரப்போகிற மீனெல்லாம் அந்த வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்றேன். அன்ரி யோசித்தார். கரைக்கு ஏறி, மடிப்புக் கதிரையை ஆற்றுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் தண்ணீரில் கால் வைத்தவர்களையெல்லாம் அவரே விரட்டினார்.

"நீர் மற்றப் பக்கத்தைப் போய்ப் பாரும் தம்பி. பிள்ளைப்பேறு முடியுமட்டும் நான் இதிலை இருக்கிறன்."

வாளி

என் மகளுக்கு மோதிரம் மாற்ற ஒரு கிழமைதான் இருந்தது. ஆறு ஏரியில் விழும் இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் வாளியோடு நின்றார். உள்ளே உயிரோடு ஒரு விலாங்கு. அருகிப்போன இனம், தூண்டிலில் பட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மன்னார்க்காரரான அவரோ, உங்கள் வீட்டுக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று பெருமையாகக் காட்டினார்.

கண்டும் காணாமல் போனால் நான் போட்டிருக்கிற சீருடைக்கு அர்த்தமில்லை. அபராதம் எழுதினால் மகளின் கல்யாணம் என்னாகும்? போதாக்குறைக்கு, அன்றைக்கும் கதிரையோடு வந்திருந்த மார்க்கத்து அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விலாங்கை விடச் சொல்லிவிட்டு, அபராத ரிக்கற்றை எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாளியைச் சரித்தார். விலாங்கு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய் மறைந்தது. பிறகு சொன்னார்:

"பொம்பிளையின்ரை தகப்பன் நேர்மையான ஆள் எண்டு புறோக்கர் சொன்னவர். நான்தான் நம்பேல்லை."

கல்யாணம் சிறப்பாக நடந்தது, விலாங்கும் தன்பாட்டில் ஆற்றோடு இருக்கிறது, சம்பந்தி வீட்டில் எனக்கு மட்டும் இன்றுவரை கத்தரிக்காய்க் குழம்புதான்.