ஏழாம் நம்பர் பாதம்

செருப்புக் கடையில் முப்பத்து நான்கு வருஷம் ஊரார் காலைப் பிடித்தே குடும்பம் நடத்தியவர் அவர். கடையில் எல்லோருக்கும் அவர் 'அளவுக்காரர்'. ஆள் வாசலில் நுழையும்போதே நடையைப் பார்த்து, "எட்டு, அகலப் பாதம்" என்பார். அளவுப் பலகையில் ஏற்றிப் பார்த்தால் எட்டுதான்.

ஓய்வு பெற்றபின் மூன்றாவது மாடியில் தனிக்குடித்தனம். லிஃப்ட் கிடையாது. போன மாதம் இரண்டு தடவை படியில் தடுமாறிக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழ்வீட்டுத் தையல்காரி அதைப் பார்த்து மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"நீங்க தனியா இருக்கலாம்னு டாக்டர் சொல்லணும்ப்பா. இல்லன்னா என் வீட்டுக்கு வந்துடணும்" என்றாள் மகள்.

அவருக்கு அங்கே போக இஷ்டமில்லை. மாப்பிள்ளை விடிகாலை ஐந்து மணிக்கு டிரம்பெட் பழகுகிறார். ஒரே பாட்டு. அதுவும் பாதிதான்.

மகள் கூட்டிக்கொண்டு போன கால் டாக்டரம்மா சின்ன வயசு. "ஒத்தக் கால்ல பத்து செகண்ட் நில்லுங்க, பாப்போம்."

"இதென்ன பிரமாதம்?" என்று காலைத் தூக்கினார். நாலாவது நொடியில் கோட் மாட்டும் கம்பியை ஆரத் தழுவிக்கொண்டார்.

டாக்டரம்மா ஷூவைக் கழற்றச் சொன்னாள். நெரிசல் பஸ்ஸில் நிற்பதுபோல ஐந்து விரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

"என்ன சைஸ் போடறீங்க?"

"ஏழு."

"யார் அளந்தது?"

"நானேதான். அதுதானே என் தொழில்!"

"எப்ப அளந்தீங்க?"

"கல்யாணத்துக்கு."

"அப்பா, எனக்கே நாப்பத்திரண்டு வயசு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மகள்.

அளந்தார்கள். ஒன்பது.

"வயசாக ஆகப் பாதம் தளர்ந்து விரியும். விரலுக்கு இடமில்லன்னா தடுமாறுவீங்க. தடுமாறினா பயத்துல நடையைக் குறைப்பீங்க. அப்புறம் உடம்பே உக்காந்துடும்" என்றாள் டாக்டரம்மா.

இதையே ஆயிரம் பேரிடம் சொல்லி, ஒரு நம்பர் பெரிதாக அவரே விற்றிருக்கிறார். ஆனால் அவர்களெல்லாம் கிழவர்கள் ஆயிற்றே!

ஆறு வாரம் தவணை கிடைத்தது. ஒன்பதாம் நம்பர் ஷூ வந்தது. டாக்டரம்மா சொன்ன பயிற்சிப்படி கால்விரலால் துண்டைச் சுருட்டினார். பல் தேய்க்கும்போது சமையல் மேடையைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றார். முதல் வாரம் பேஸ்ட் முழுக்கச் சட்டையில். நாலாவது வாரம் மேடையிலிருந்து கையை எடுத்தார். கால்விரல்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டன. பல வருஷம் கழித்துச் சந்தித்த உறவினர்போல அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா எண்ணினாள். பத்து, பதினொன்று, பதினாறு.

"போதும்ப்பா, காலை இறக்கு!"

"இருடி, இப்பதான் சுவாரஸ்யமா இருக்கு."

"தாராளமா மாடியிலயே இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தாள் டாக்டரம்மா.

மகளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ரோஷம். "இதென்ன பெரிய வித்தையா?" என்று தானும் ஒரு காலைத் தூக்கினாள். ஆறு எண்ணுவதற்குள் அப்பாவின் தோளில் வந்து விழுந்தாள்.

அவர் அசையாமல் தாங்கிக்கொண்டார்.

"கவலைப்படாதே கண்ணு. தனியா நிக்க முடியலன்னா என் வீட்டுக்கு வந்துடு."