வெறுந்தண்ணி

யாரைக் கண்டாலும் சிவனேஸ்வரியின் கண் முதலில் மூக்குக்குத்தான் போகும். சங்கக் கடையில் அரிசிக்கு நிற்கும்போதும், கோயில் வாசலில் நிற்கும்போதும், எதிரில் நிற்பவரின் மூக்குத்தண்டை அளந்துகொண்டிருப்பார். "இது சறுக்கிற மூக்கு. பஞ்சு வைக்கவேணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். புதிதாகக் குடியேறியவர்கள் சிலர் அதைக் கேட்டுக் கோபித்ததும் உண்டு.

இரணைமடு வாய்க்கால் கரையில், மருதமரங்களின் கீழ், தகரக்கூரை போட்ட நீண்ட அறை ஒன்று இருக்கிறது. வாசற்பலகையில் 'அனுசேப ஆராய்ச்சி நிலையம்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. ஊருக்கு அது மூச்சுக் கந்தோர். சிவனேஸ்வரி மூச்சக்கா. ஒரு மனித உடம்பு ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும்போது, உயிரோடு இருப்பதற்கு மட்டும் எவ்வளவு சோற்றை எரிக்கிறது என்று அங்கே பார்க்கிறார்கள். விடியற்காலையில் வெறுவயிற்றோடு வருபவரைக் கட்டிலில் கிடத்தி, மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, அவர் வெளிவிடும் மூச்சை ஒரு பெரிய ரப்பர் பையில் பிடிக்கிறார்கள். பையில் பிடித்ததை வைத்து டொக்டர் கதிர்காமநாதன் கணக்குப் பார்ப்பார். ஆளைக் கூட்டிவருவதும் கிடத்துவதும் சிவனேஸ்வரியின் வேலை.

தொடக்கத்தில் பெண்கள் பயந்தார்கள். மூச்சைக் கொடுத்தால் ஆயுள் குறையும் என்று ஒரு கதை பரவியது. சிவனேஸ்வரி வீடு வீடாகப் போய், "நீங்கள் விட்ட மூச்சைத்தான் பிடிக்கிறம். விடாததை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டார். அதன்பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஆனாலும் அவரிடமே ஒரு வழக்கம் உண்டு. மூச்சின் சொந்தக்காரர் படலையைத் தாண்டும்வரை அவருடைய பையைத் திறந்து வெறுமையாக்க விடமாட்டார். "ஆள் போகட்டும், டொக்டர்" என்பார். டொக்டரும் காத்திருப்பார்.

கட்டிலில் கிடப்பவர் நித்திரையாகக் கூடாது. நித்திரை கொண்டால் கணக்குக் குறையும். சிரிக்கவோ கோபிக்கவோ கூடாது, கணக்கு ஏறிவிடும். அதனால் சிவனேஸ்வரி யாருக்கும் சந்தோஷமோ துக்கமோ தராத விஷயங்களை, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். "வாய்க்காலில தண்ணி போகுது. ஒரு இலை வருது. இலையும் போகுது. அங்கால கொக்கு நிக்குது." வெளியே பனி வாய்க்காலைவிட்டு எழும்பி வயலுக்குப் போகும். உள்ளே பை மெல்ல மெல்லப் பருக்கும். அதன் நிழல் சுவரில் வளர்ந்து கூரையைத் தொடும். அந்த நேரத்தில் அறைக்குள் போகிறவருக்கு, உடம்பென்பது தூரத்தில் எங்கோ எரியும் சிறு விளக்கு என்று தோன்றும்.

"மூச்சக்கான்ர கதையைக் கேட்டா நித்திரையும் வராது, முழிப்பும் வராது" என்பார் வயற்கார வீரகத்தி. "இடையில எங்கயோ கொண்டுபோய் இருத்திப்போட்டு விட்டிடுவா."

என் மனைவி அருந்ததி போன அன்று, அழுதவர்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் சிவனேஸ்வரி வந்து பக்கத்தில் இருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பந்தலுக்கு மேல வேப்பம்பூ விழுது. காத்து இல்லை. சும்மா விழுது" என்றார் அதே குரலில். அன்று என் காதில் ஏறியது அது ஒன்றுதான்.

இந்தக் கந்தோர் ஒருமுறை மூடப்படும் நிலைக்கு வந்தது. கொழும்பில் அடுத்த ஆண்டுக்கான பணத்தை ஒதுக்குவதற்கு முன், திறைசேரி உத்தியோகத்தர் கனகலிங்கம் என்பவர் நேரில் வந்து பார்ப்பதாக அறிவித்திருந்தார். டொக்டருக்கு நம்பிக்கை இருந்தது. குடியேற்றக்காரர்களின் உடம்பு, குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் அளவைவிடக் கூட எரிக்கிறது என்று அவருடைய கணக்கு காட்டியது. ஆனால் அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் உதவியாளரிடம், "சும்மா கிடக்கிற உடம்பு மாதிரியே இல்லை. தேத்தண்ணி குடிச்ச உடம்பு மாதிரி எல்லோ எரியுது" என்றார். பின்பக்கம் வாய்க்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த சிவனேஸ்வரியின் கை நின்றது.

"விடியப்புறம் வெறுந்தண்ணி மட்டும் குடிக்கலாம்" என்றுதான் கந்தோர் திறந்த அன்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் கொழும்பில் வளர்ந்தவர். எங்கள் குடியேற்றத்தில் "தண்ணி குடிச்சாச்சோ?" என்றால் தேத்தண்ணியைத்தான் கேட்கிறார்கள். கிணற்றில் அள்ளுவது பச்சைத்தண்ணி. வெறுந்தண்ணி என்றால் பால் விடாத தேத்தண்ணி. சிவனேஸ்வரி அதை அப்படியே வீடு வீடாகச் சொன்னார்: "பால் விடாதேங்கோ. வெறுந்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ." எல்லாரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வந்தார்கள். டொக்டர் "வெறுவயிறோ?" என்று கேட்டபோது மனச்சாட்சியோடு "ஓம்" என்றார்கள்.

அன்று வீட்டில் சிவனேஸ்வரியின் கணவர் ஐயாத்துரை சொன்னாராம்: "கூடக் காட்டினாக் காட்டட்டுமன். எங்கட ஆக்களுக்கு அரிசி கூடக் குடுக்கச் சொல்லி எழுதுவாங்கள். சொன்னியெண்டால் கந்தோரையும் பூட்டி உன்னையும் கலைச்சுவிடுவாங்கள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"பிறகு ஆரும் சரியா அளந்தால்?" என்று இவர் கேட்டிருக்கிறார். "வன்னிச் சனம் பொய் மூச்சு விட்டதெண்டெல்லோ வரும்."

அடுத்தநாள், நான் கணக்கெழுதும் சங்கக் கடைக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். "தம்பி, அருந்ததியின்ர கணக்கும் அதுக்குள்ளதான் கிடக்குது. சொன்னால் அதுவும் பிழையெண்டு எறிஞ்சுபோடுவினம்" என்றார். உயிரோடு இருந்தபோது அவள் எவ்வளவு மெதுவாக எரிந்தாள் என்று உலகத்தில் ஓரிடத்தில் எழுதியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்று அவருக்குத் தெரியும். "அவாவும் குடிச்சவாவோ?" என்று கேட்டேன். "ஒரு மிடறு" என்றார். பிறகு போய்விட்டார்.

கந்தோர் இன்றும் இருக்கிறது. முடிவு எல்லாருக்கும் தெரியும். எனக்கு நினைவில் நிற்பது கனகலிங்கம் வந்த காலைதான். சங்கத்தின் சார்பில் என்னையும் அழைத்திருந்தார்கள். அவர் பைகளைத் தட்டிப் பார்த்தார். "ஏன் டொக்டர், காத்தைப் பையில கட்டிறதுக்கு அரசாங்கம் காசு குடுக்கவேணுமோ? இந்தக் காசுக்கு வாய்க்காலைத் திருத்தினாலும் நெல் விளையும்."

"குளத்தில தண்ணி அளக்கிற, கோடு போட்ட மரத்தை ஆர் நட்டது, ஐயா?" என்றார் டொக்டர். "ஒரு முதலாளியும் நடேல்லை. அதில அவருக்கு லாபம் இல்லை. அரசாங்கம் நட்டபடியாத்தான் எந்த வயலுக்கு எவ்வளவு விடலாம் எண்டு தெரியுது. ஒரு மனிசனுக்கு எவ்வளவு சோறு வேணும் எண்டு பார்க்க எங்களிட்ட இன்னும் ஒரு மரம் இல்லை. வேற நாட்டு மரத்தை வைச்சுக் குத்துமதிப்பாப் பங்கிடுறம்."

கனகலிங்கம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். "சரி, என்னையும் ஒருக்கா அளவுங்கோ" என்று கட்டிலில் ஏறிக் கிடந்தார். சிவனேஸ்வரி மூக்கைப் பார்த்துப் பஞ்சு வைத்துக் கவ்வியைப் பூட்டினார். குழாயை வாயில் கொடுக்கப் போனவர் நிறுத்தி, முன்பு யாரிடமும் கேளாத கேள்வியைக் கேட்டார்.

"ஐயா காலமை என்ன குடிச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றார் அவர் அடைபட்ட மூக்கோடு. "ராத்திரி தங்கின வாடி வீட்டில வெறுந்தண்ணி ஒண்டு தந்தவங்கள். சாயம் கூடிப் போச்சு."

சிவனேஸ்வரி கவ்வியைக் கழற்றினார். "அப்ப இண்டைக்கு ஐயாவை அளக்கேலாது."

"என்ன இது?" என்றார் டொக்டர்.

"ஐயா குடிச்சதைத்தான், டொக்டர், எல்லாரும் குடிச்சவை. நான்தான் குடிக்கச் சொன்னனான். நீங்கள் சொன்னது கிணத்துத் தண்ணியெண்டு எனக்கு விளங்கேல்லை."

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். கனகலிங்கம் எழும்பி இருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் என்னத்தை அளந்தனீங்கள்?"

"தேத்தண்ணியை, ஐயா."

சிவனேஸ்வரி, சப்பாத்தைத் தேடிய கனகலிங்கத்துக்கு அதை எடுத்துக் கொடுத்தார். விரிப்பைத் தட்டினார். "நான் ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறிக் கிடந்தார். கவ்வியைத் தன் மூக்கில் பூட்டிக்கொண்டு, குழாயை வாயில் வைத்து, டொக்டரைப் பார்த்தபடி, மூச்சைப் பைக்குள் விடும் திருகை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.