கரியப்பன் பிடுங்கி நட்ட சிவப்பு ரிப்பன்

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கரியப்பனுக்குக் கடைசி மேஜை. கியர் சக்கரங்கள் அவர் கண்ணைத் தாண்டினால்தான் வெளியுலகம் பார்க்கும். நல்லதற்குப் பச்சை டேக், கெட்டதற்குச் சிவப்பு டேக். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதே வேலை. அதனால் கம்பெனி பஸ் வேப்பனப்பள்ளியில் இறக்கிவிட்ட பிறகும் அவர் கண்ணுக்கு ஷிப்டு முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு "ரிஜெக்ட்" என்பார். ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்த்தும் அதையே சொல்லிவிட்டார்.

அவரால் சிவப்பு டேக் மாட்டவே முடியாத ஒரே உருப்படி, பெரியப்பா மகன் ராமப்பன். பாகம் பிரித்தபோது நடுவில் வரப்புப் போட்டு மண்ணைச் சரிபாதி ஆக்கினார்கள். தண்ணீருக்கு அந்த நியாயம் எட்டவில்லை. ராமப்பன் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வந்தது. கரியப்பன் போட்டதில் புழுதி வந்தது. மறுபடி போட்டார், இன்னும் நல்ல புழுதி வந்தது. ராமப்பன் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டாலே கரியப்பனுக்கு வாய் கசக்கும். பங்காளிக் காய்ச்சல் என்று நம்மவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்களே தவிர, மருந்து கண்டுபிடிக்கவில்லை.

இந்த வருஷம் காய்ச்சல் கொஞ்சம் கடுமை. கரியப்பனின் பெங்களூரா மாமரங்கள் என்றுமில்லாமல் பூத்துக் குலுங்கின. பிஞ்சு நிற்கிறவரை தண்ணீர் கட்டினால் விளைச்சல். இல்லையென்றால் மொத்தமும் உதிர்ந்து தரையில் கிடக்கும். தோப்பைக் குத்தகைக்கு எடுக்க வந்த வியாபாரியும், "தண்ணிக்கு வழி பண்ணு, அப்புறம் பேசிக்கலாம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சொர்ணசிகரம் எக்ஸ்ப்ளோரேஷன் ஊருக்குள் வந்தது.

சொர்ணசிகரம் தங்கக் கம்பெனி. ஆனால் தங்கம் எடுக்காது. தங்கம் இருக்கலாம் என்பதை மட்டும் எடுத்து, பெரிய கம்பெனி யாராவது கேட்டால் விற்கும். சொத்து என்று பார்த்தால் ஓசூரில் பேக்கரிக்கு மேல் ஒரு அறை, ஒரு பொலிரோ, மலை உச்சியில் சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு லோகோ. கோலாரில் இருந்த தங்கம் மாநில எல்லையைப் பார்த்து நின்றிருக்காது என்பது அவர்கள் தத்துவம். பூமிக்கடியில் செக்போஸ்ட் கிடையாது அல்லவா? ஷேர் வாங்கினவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

களத்தில் வேலை பார்த்தவர் பிரவீனா என்ற ஜியாலஜிஸ்ட், திருநெல்வேலிப் பெண். இரண்டு தோப்புக்காரர்களிடமும் அனுமதி வாங்கி, மண்ணைப் பையில் அள்ளி, முளைக்குச்சி அடித்து, ரிப்பன் கட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை கரியப்பன் வந்து பார்த்தபோது அவர் தோப்பெல்லாம் பச்சை ரிப்பன். ராமப்பன் தோப்பெல்லாம் சிவப்பு.

கரியப்பனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. நேரே பங்காளி வீட்டுக்குப் போனார். அந்த வாசலை அவர் மிதித்தே வெகுகாலம்.

"அண்ணா, மனசத் தேத்திக்க. எல்லாருக்கும் எல்லாம் அமைஞ்சிடுமா?"

"என்னடா ஆச்சு?"

"உன் நெலம் பூரா செவப்பு. எங்குது பச்சை. செக் பண்ணிப் போட்டுட்டாங்க. நீ ஒண்ணும் கவலப்படாத, நான் இருக்கறேன்ல."

"சும்னே இருடா கரியா. வெயில் தலைக்கு ஏறிப்போச்சு உனக்கு" என்று கன்னடத்தைக் கலந்து அதட்டிவிட்டு ராமப்பன் மோட்டார் போடப் போனார்.

கரியப்பனின் மனைவி சரசம்மா, "அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் ஆடக் கூடாதா?" என்றாள்.

"காலம் பூரா டேக் போடறவன் நானு. எனக்கே பாடமா?"

தோப்பைச் சுற்றி வரும்போதுதான் அது கண்ணில் பட்டது. வரப்பிலிருந்து நாலு தப்படி உள்ளே, தன் பக்கத்திலேயே, ஒரு சிவப்பு ரிப்பன். அத்தனை ஓகே பீசுக்கு நடுவில் ஒரு ரிஜெக்ட்! தொழில் தர்மம் பொறுக்கவில்லை. குச்சியைப் பிடுங்கினார், வரப்பைத் தாண்டினார், ராமப்பன் மண்ணில் கல்லால் அடித்து இறக்கினார்.

"யாரு பொருள எடுத்து யாருக்குக் குடுக்கறீங்க?" என்றாள் சரசம்மா.

"அவனுது அவங்கிட்டயே போவட்டும்."

அடுத்த வார விடுமுறை நாளில் துளை போடும் லாரி வந்தது. கரியப்பன் வெளுத்த சட்டை போட்டு, தன் பக்கத்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரி அவரைக் கடந்து ராமப்பன் தோப்புக்குள் நுழைந்தது.

"மேடம், வண்டி வழி தப்பிப் போவுது. பச்சை இந்தப் பக்கம்."

"பச்சைன்னா மண்ணு எடுத்தாச்சு, அங்கன சோலி முடிஞ்சுட்டுன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்றார் பிரவீனா. "சிவப்புலதான் துளை போடுவோம்."

கரியப்பன் திரும்பிப் பார்த்தார். வரப்போரம் அவர் அடித்த குச்சி, ரிப்பன் காற்றில் ஆட, கம்பீரமாக நின்றது.

மற்ற சிவப்புகளில் புழுதிதான் வந்தது. அது ஒவ்வொன்றுக்கும் கரியப்பன் உள்ளுக்குள் ஒரு தேங்காய் உடைத்தார். கடைசியாக வரப்போரத் துளை. குழாய் இறங்க இறங்கப் புழுதி சேறானது, சேறு தண்ணீரானது, தண்ணீர் லாரிக்காரரை முழுக்காட்டியது. பிரவீனா தலையில் கை வைத்தார். தங்கம் தேடுகிறவர்களுக்குத் தண்ணீர் தொல்லை. "நாங்க பைப்பு இறக்கி விட்டுட்டுப் போயிருதோம். நிலத்துக்காரரே வச்சுக்கிடலாம்" என்றவர், போனில் பழைய போட்டோவைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"இந்தக் குச்சிய வரப்புக்கு அந்தப் பக்கம்லா அடிச்சோம்? நாலு தப்படியில பாறை மாறாது, எங்களுக்கு நட்டமில்ல. ஆனா யாரு நகத்துனது?"

தன் தண்ணீர் என்று கேட்க வேண்டும். கேட்டால் தன் கை என்று சொல்ல வேண்டும். கரியப்பன் தலைக்கு மேலே கடுகளவு பிஞ்சுகள் காத்திருந்தன.

"மாடு இடிச்சிருக்கும்" என்றார்.

"உங்கிட்ட ஏதுடா மாடு?" என்றார் ராமப்பன்.

"இருக்குதுங்க மாமா" என்றாள் சரசம்மா. "வெளுத்த சட்ட போட்டுக்கிட்டு இதோ நிக்குது."

சொல்ல வேண்டியதை எல்லாம் அவளே சொன்னாள். ராமப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓஸ் எடுத்தாந்து மாட்டுடா. எனக்குப் பழைய போரே போதும். ஏற்கெனவே தண்ணியில இருக்கற எம்மரத்துக்கு இன்னும் எதுக்கு?" என்றார்.

அந்த ஒரு சொல் கரியப்பனுக்குப் புழுதியைவிடக் கசந்தது. திட்டியிருந்தால் ரிஜெக்ட் பண்ணியிருக்கலாம். கொடுக்கிறவனுக்கு எந்த டேக் மாட்டுவது?

சொர்ணசிகரம், முடிவுகள் ஊக்கமளிப்பதாக அறிவித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனது. பிஞ்சுகள் நின்றன. குத்தகைக்காரரும் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஓஸைப் பிடித்திருந்த கரியப்பன், உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி நாக்கில் வைத்தார்.

"லேசா உப்புக் கரிக்குது."

சரசம்மா குடித்துப் பார்த்தாள். "எளநி மாதிரி இருக்குது."

வரப்புக்கு அந்தப் பக்கம் ராமப்பனின் பழைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கரியப்பன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"சரசு, இங்க வா. அவனுது கொஞ்சம் தடியா விழுவுதுல்ல?"