மேகத்துக்குள் கூப்பிட்ட பெயர்

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கின வருஷம் ஐப்பசியில் நானும் என் மனைவியும் கொல்லிமலை ஏறினோம். சாமி கும்பிடப் போகவில்லை. ஆறு மாதமாக அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. வெற்றிலை அடுக்கும்போது அழுகலையும் நல்லதையும் சேர்த்து வைத்துவிடுகிறாள் என்று என் அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும். மலைமேல் ஒரு வைத்தியர் பச்சிலை பிழிந்து கண்ணில் விடுவதாகக் கேள்விப்பட்டோம். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரை பஸ், அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டு வண்டி, அப்புறம் நடை.

எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். கல்யாணமான புதிதில், சந்தைக்குப் போகிற வழியில் நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். "ஏன் மாப்ளே, கழுத்து சுளுக்கிக்கும். அவளையே முன்னால உட்ரு" என்று மச்சான் முறைக்காரர் ஒருவர் சொன்னார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கூச்சப்படுகிறவன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் திரும்பிப் பார்த்ததில்லை.

பாதி மலைக்கு மேல் பாதை மலையின் முதுகிலேயே செங்குத்தாக ஏறிற்று. ஒற்றையடித் தடம், இரண்டு பக்கமும் சரிவு. அங்கே மேகம் இறங்கிவிட்டது.

"பையப் போங்க. உங்க வேட்டி தெரிய மாட்டேங்குது" என்றாள்.

"காத்தடிச்சாக் கலஞ்சிரும். வா" என்றேன், திரும்பாமல்.

வெள்ளை மேகத்தில் வெள்ளை வேட்டி நல்ல கண்ணுக்கே தெரியாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் காலடி கேட்டது. அதை நம்பி நடந்தேன்.

ஒரு பாறையருகில் நின்று, "தண்ணி குடிக்கறயா?" என்றேன்.

"குடுத்தாக் குடிக்கறேன் சாமி" என்றது வேறு குரல்.

திரும்பினேன். தலையில் உப்பு மூட்டையோடு ஒரு மலைக்காரப் பெண் நின்றாள். குறுக்குத் தடத்தில் ஏறி வந்திருக்கிறாள்.

"எம் பொண்டாட்டி பின்னால வந்தாளே?"

"நல்ல ஆம்பள! பொண்டாட்டி யாரு, உப்புக்காரி யாருன்னு தெரியாமயா நடந்தே?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினாள். "கெழக்க ஒரே சரிவு சாமி. கூப்புடு, சீக்கிரம் கூப்புடு."

வந்த வழியே இறங்கினோம். "இந்தா! இந்தா புள்ளே!" என்றேன். வேற்றுப் பெண் முன்னால் குரல் எழும்பவில்லை.

"ஆட்டுக்குட்டியவா கூப்புடறே? பேரச் சொல்லு!"

அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். பக்கத்தில் எங்கோ ஒரு கல் பெயர்ந்து, வெகுநேரம் உருண்டு போயிற்று.

உப்புக்காரி என் கையைப் பிடித்தாள். "நிறுத்து சாமி! பாவை கூப்புடுதுன்னு பயந்து வெலகிப் போறா போல."

ஆளில்லாத இடத்தில் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது, அது பேய் என்று சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்ப்பார்கள். இந்த மலையிலோ சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை இருக்கிறது என்பார்கள். பெயரே சொல்லாத புருஷனின் குரலில் தன் பெயரைக் கேட்டவள் வேறு என்ன நினைப்பாள்? நான் கத்தக் கத்த, அவள் என்னை விட்டு விலகிச் சரிவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

இனி எப்படிக் கூப்பிடுவது? வீட்டு வாசலில் நுழையும்போது செருமுவேனே, அதுபோல இரண்டு தடவை செருமினேன்.

பிறகு என் காலுக்குக் கீழேயிருந்து, "ஏனுங்க, நீங்கதானுங்களா?"

"நாந்தான். அசையாதே."

தடத்துக்கு இரண்டு முழம் கீழே, ஒரு செடியின் தூரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் வெளியில் தொங்கியது. உப்புக்காரி என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் குப்புறப் படுத்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

மேலே வந்ததும் சொன்னாள்: "பேரு சொல்லிக் கூப்புட்டுதுங்க. உங்க கொரலாட்டமே இருந்துச்சு."

"நாந்தான் கூப்புட்டேன்."

அவள் நம்பவில்லை. "நீங்க எதுக்குங்க எம் பேரச் சொல்லப் போறீங்க?" என்றாள்.

உப்புக்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

வைத்தியர் மூன்று நாள் பச்சிலைச் சாறு விட்டார். இருக்கிற பார்வை கொஞ்ச காலம் தாங்கும், போனது திரும்பாது என்றார். இறங்கும்போது என் துண்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன். மலை முதுகு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அடிவாரத்து ஊரின் கூரைகள் தெரிந்ததும் துண்டு தளர்ந்தது. அவளே விட்டுவிட்டாள்.

"போங்க, வாரேன்" என்றாள்.

திரும்பி அந்த முனையை அவள் கையிலேயே கொடுத்திருக்கலாம். எதிரே வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.