பதினொன்றாவது புரூஃப்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்கு மேலாளராக வந்தேன். சென்னையில் கற்றதில் எனக்கு உண்மையாகவே பிடித்தது அஜைல் முறை. வேலையைச் சின்னத் துண்டுகளாகப் பிரி, ஒவ்வொரு துண்டையும் முடித்த கையோடு வாடிக்கையாளரிடம் காட்டு, அவர் மாற்றம் கேட்டால் முகம் சுளிக்காதே.

இதைச் சொன்னதும் முதலாளி அண்ணாச்சி கேட்டார்: "காட்டிக்கிட்டே இருந்தா அடிக்கது எப்பம்லே?"

அதுவரை கடையில், அச்சடிக்கும் முன் சரிபார்க்கக் காட்டும் பிரதி, ஒரே புரூஃப்தான். நின்றபடியே படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அச்சான பிறகு பெயர் விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருவார்கள். நான் சுவரில் மூன்று கட்டம் போட்டேன்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. தினமும் காலையில் கடையில் இருக்கும் ஐந்து பேரும் அதன் முன் நின்று பத்து நிமிடம் பேசுவோம்.

"பள்ளிக்கூடத்துப் பிரேயர் மாதிரில்லா இருக்கு" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன். ஆனால் இரண்டே வாரத்தில், எந்த வேலை எங்கே நிற்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வினை புரூஃபில் வந்தது. மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் தங்கையின் நிக்காஹ் பத்திரிகைக்காக வந்தார். சவூதியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"நிக்காஹ் அன்னைக்கு நான் இருக்க மாட்டேன் தம்பி. பத்திரிகையாவது என் கையால குடுத்துட்டுப் போகணும். ஏரல் வரைக்கும் சொந்தக்காரங்க இருக்காங்க. புதன்கிழமை கிடைச்சாத்தான் முடியும்."

புதன்கிழமை தருவதாகச் சொன்னேன். சொன்ன கையோடு அவரையே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கச் சொல்லி, என்னோடு அவர் குடும்பத்தில் நாற்பது பேரைச் சேர்க்க வைத்தேன். அட்டைப்படம் எல்லோருக்கும் பிடித்தது. அடுத்து, அழைப்பவர்கள் பெயர்ப் பட்டியலை அனுப்பினேன். சித்தப்பா முறையான சாச்சாவின் பெயர் மாமா பெயருக்குக் கீழே இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். மாற்றினேன். மச்சான் பெயருக்குப் பக்கத்தில் அவர் வேலை பார்க்கும் ஊர், குவைத், இல்லையே என்றார் இன்னொருவர். சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு உற்சாகம் கூடியது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றாவது புரூஃப் தயாரானபோது, டிசைன் போடும் அக்கா அதை மூன்றாவதன் பக்கத்தில் வைத்தார். எட்டு முறை மாற்றிய பிறகும் இரண்டும் ஒன்றுதான், ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை.

"மத்தியானத்துக்குள்ள மெஷினுக்கு அச்சு பிளேட் வரணும். இல்லேன்னா நாளைக்கு அவருக்கு வெறும் வாழ்த்தைக் குடுத்து அனுப்பு" என்றார் மெஷின் அண்ணன்.

அப்போதுதான் உறைத்தது. சென்னையில் நாங்கள் வாரா வாரம் காட்டியது ஒரே ஒருவரிடம். மாற்றம் கேட்பதும், போதும் என்பதும் அவர்தான். இங்கே நான் ஊரையே கூட்டிவைத்துக் கேட்டிருக்கிறேன். சவூதிக்காரரை அழைத்தேன்.

"உங்க வீட்டுல யாரு சொன்னா முடிவு, பாய்?"

"வாப்பா இருந்த வரைக்கும் வாப்பா. இப்பம் எல்லாரும்தான்."

"எல்லாரும்னா நாளைக்கு கார்டு வராது. ஒருத்தர் வேணும்."

"ஏச்சு வாங்கப் போறது நான்தானே. நானே சொல்லுதேன். வண்டிய எடுத்துட்டு வாரேன், இரி."

வந்தார். பேனாவை வாங்கி ஊர்ப் பெயர்களை எல்லாம் அடித்தார். "வயசு வரிசையில போடு. மூத்தவங்க முன்னால." கையெழுத்துப் போட்டு, அங்கேயே நின்று, குழுவில் தன்னைத் தவிர யாரும் எழுத முடியாதபடி மாற்றினார். புதன்கிழமை மதியம் கட்டுகளை எடுத்துப் போனார். அன்றே ஆர்டர் படிவத்தில் 'முடிவு சொல்பவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு பெயருக்கு மட்டும் இடம்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் அவர் வண்டி நின்றது.

"எல்லாருக்கும் குடுத்தாச்சு. மூணு பேரு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, அது கிடக்கட்டும்." பையில் மிச்சமிருந்த ஒரு கார்டை எடுத்து, உறைமேல் என் பெயரை எழுதி இரண்டு கையாலும் நீட்டினார். "நான் இருக்க மாட்டேன். நீ வந்து சாப்பிட்டுட்டுப் போகணும்."